வெள்ளை ஜெயித்த வருஷம்

1935ஆம் வருஷம் ஐப்பசியில் தொண்டாமுத்தூரில் பிடித்த அடைமழை, பழனாத்தாள் கொடியில் போட்டிருந்த வெள்ளைச் சீலையை விட்டு ஒரு முழம் தள்ளியே பெய்தது. சீலை காய்ந்தது. மார்கழியில் மலையிலிருந்து இறங்கி வாழைக்குள் புகுந்த ஒற்றை யானை, அதே கொடியில் அதே சீலையைக் கண்டு நின்றது, தும்பிக்கையை ஒரு தடவை தூக்கி இறக்கியது, மேற்கொண்டு ஒரு கன்றையும் மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைத்து வந்த வழியே மலையேறிப் போயிற்று. அந்த வருஷம் வாழைத்தாருக்குக் கோயமுத்தூர்ச் சந்தையில் நல்ல விலை. தை பிறப்பதற்குள், ஊரில் யார் எந்த நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும் முதலில் பழனாத்தாளின் குடிசை முன்னால் வந்து, அவள் எதிரே நடந்து வரும்வரை காத்திருந்து, அப்புறம்தான் வண்டி பூட்டினார்கள். தாலியறுத்தவள் எதிர்ப்பட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போன ஊர் அது. எப்படி மாறியது என்று சொல்லப் பாத்திமுத்துவிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பாத்திமுத்துவின் புருஷன் முஸ்தபா கோயமுத்தூர்க் கோட்டைமேட்டில் பிறந்தவர். மீசை முளைப்பதற்கு முன்பே கப்பலில் சமையல் வேலைக்குப் போய், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் கோல்டு கோஸ்ட் என்கிற சீமையில் இறங்கி, குமாசிப் பட்டணத்தில் ஒரு சிந்திக்காரர் ஜவுளிக்கடையில் பாதி ஆயுளைக் கழித்தார். திரும்பி வரும்போது ஒரு தையல் மிஷினும், அந்த ஊரிலேயே நிக்காஹ் செய்துகொண்ட மனைவியும் கூட வந்தார்கள். அங்கே அவள் பெயர் பாத்திமா. கோட்டைமேட்டு உறவுகள் பாத்திமுத்து ஆக்கினார்கள். நெடுநெடுவென்று உயரம், நிமிர்ந்த நடை. புருஷனிடம் கற்ற தமிழில் 'ங்க' போடாமல் அவளால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது; மாட்டைக்கூட 'தள்ளுங்க' என்றுதான் விரட்டுவாள். கோயமுத்தூரில் தையற்காரர்கள் அதிகமாயிருந்ததால் இருவரும் தொண்டாமுத்தூர்ச் சந்தைப்பேட்டை ஓரம் ஒரு வீடு பார்த்துக் குடிவந்தார்கள்.

அவள் பெட்டியில் ஒரு துணி இருந்தது. தாய்மாமன் நெய்து கொடுத்தது. அவர்கள் ஊரில் தறியில் உட்காருகிறவர்கள் ஆண்கள். நான்கு விரல் அகலத்துக்கு நீளநீளப் பட்டைகளாக நெய்து, பட்டையோடு பட்டை சேர்த்துத் தைத்து, ஓர் ஆள் போர்த்திக்கொள்ளும் அளவுக்கு ஆக்கியிருந்தார் மாமன். பார்க்க வந்த பெண்களுக்கு அவள் நிறம் நிறமாகத் தொட்டுக் காட்டினாள்.

"மஞ்சளு ராசா ஊட்டுத் தங்கமுங்க. பச்சை வெள்ளாமைங்க. நீலம்னா சண்டை சச்சரவு இல்லாம இருக்கறதுங்க. இந்தக் கறுப்பு…"

"கறுப்பு ஆகாதுங்களே அம்மணி" என்றாள் பக்கத்து வீட்டுக் குழந்தையம்மாள்.

"ஏனுங்க ஆகாது? வயசாகி வெவரம் வந்த நெறமுங்க. செத்துப்போன பெரியவங்கெல்லாம் அதுலதானுங்க இருக்காங்க."

குழந்தையம்மாள் கறுப்புப் பட்டையை உற்றுப் பார்த்துவிட்டு முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்தக் கறுப்புக்குள்ளே, செத்துப்போன தன் மாமியார் உட்கார்ந்து பாக்கு இடித்துக்கொண்டிருந்ததாக அப்புறம் சொன்னாள். அந்தத் துணியைத் துவைத்து வேலியில் போட்ட நாளில், பச்சை பட்ட இடத்தில், வருஷக்கணக்காக உலர்ந்துபோய் நின்ற பூவரச வேலிக்குச்சி துளிர்த்தது. கோழி களவு போனதற்காகத் தெருவில் ஒருத்தியை ஒருத்தி வைதுகொண்டே வந்த இரண்டு பெண்கள், நீலத்தின் நிழலுக்குள் காலை வைத்ததும் எதற்காகக் கோபப்பட்டோம் என்பதை மறந்து, மழை வருமா என்று பேசிக்கொண்டு போனார்கள். துணி உலர்ந்ததும் பாத்திமுத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். ஊரும் தன் வேலையைப் பார்த்தது.

வந்த முதல் தை மாதத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அரக்குச் சிவப்பில் கூறை கட்டிக்கொண்டு பெண் மணவறைக்கு வந்ததைப் பார்த்ததும் பாத்திமுத்து ஓவென்று அழுதுவிட்டாள். அவள் ஊரில் சிவப்பைக் கட்டுவது சாவு வீட்டில். இத்தனை சின்ன வயதில் யாரைப் பறிகொடுத்ததோ இந்தப் பெண் என்று நினைத்துப் பெண்ணின் தாயைக் கட்டிக்கொண்டாள். பெண்ணின் தாய் ஏற்கெனவே அழுதுகொண்டுதான் இருந்தாள். இருவரும் முகூர்த்தம் முடியும்வரை சேர்ந்து அழுதார்கள். பிறகு முஸ்தபா விஷயத்தை விளக்கினார். "அப்பிடீங்களா? உங்கூர்ச் செவப்பு வேற போலிருக்குதுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்திமுத்து பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள். சிவப்பைப் பற்றி அவளுக்கு முஸ்தபா சொன்னாரே தவிர, வெள்ளையைப் பற்றிச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கல்யாண வீட்டில் வெள்ளைச் சீலைக்காரிகள் யாரும் கண்ணில் படுவதில்லை அல்லவா.

பழனாத்தாளின் புருஷன் சுப்பண்ணன் காலராவில் போனபோது அவளுக்கு வயது இருபத்திரண்டு. இடுப்பில் சின்னாத்தாள் என்று ஒரு பெண் குழந்தை. பித்தளைத் தட்டில் வெள்ளைச் சீலையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தவர் சுப்பண்ணனின் அண்ணன் திருமூர்த்திக் கவுண்டர். மலையடிவாரத்தில் அண்ணன் தம்பிக்குப் பொதுவாக ஒரு தோட்டமும், தோட்டத்து நடுவில் பாறையை உடைத்து வெட்டிய கிணறும் இருந்தன. ஒருநாள் விட்டு ஒருநாள், மாடு கட்டி இழுக்கிற கவலை ஏற்றம் பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொள்வது முறை. அந்தக் கோடையில் கிணற்றில் தண்ணீர் இறங்கியது. சுற்றுவட்டாரத்தில் எல்லாக் கிணற்றிலும் இறங்கியது. ஆனால் திருமூர்த்தி தன் கிணற்றுக்கு மட்டும் காரணம் கண்டுபிடித்தார். வெள்ளைச் சீலை எட்டிப் பார்த்தால் ஊற்று அடைத்துக்கொள்ளும் என்றார். அன்றிலிருந்து பழனாத்தாள் கிணற்றுப் பக்கம் போகக்கூடாதென்று ஆயிற்று. தண்ணீர் முறை போயிற்று. முறை போனபின் அவள் பங்குக் காடும் மெதுவாக அவர் ஏருக்குள் போயிற்று. தோட்டத்து ஓரத்தில் ஒரு குடிசையும், அறுப்புக்கு அறுப்பு கொஞ்சம் ராகியும் மிஞ்சின. குடிக்கிற தண்ணீருக்குக்கூட அவள் குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்று வாய்க்காலுக்கு நடந்தாள்.

வாய்க்கால் பாதையில்தான் அவளும் பாத்திமுத்துவும் சந்தித்தார்கள். எதிரில் ஆள் வருவதைக் கண்டதும் பழனாத்தாள் வழக்கப்படி பாதையை விட்டு விலகி, முள்ளுக்கு முதுகைக் கொடுத்துத் திரும்பி நின்றாள். பாத்திமுத்து நின்றுவிட்டாள். தலையிலிருந்து கால்வரை அந்த வெள்ளையைப் பார்த்தாள். அவள் முகமெல்லாம் மலர்ந்தது.

"ஏனுங்க அம்மணி, என்னத்த ஜெயிச்சீங்க?"

பழனாத்தாள் கேலி என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் கேலி இல்லை. "என்னங்க கேக்கறீங்க?"

"எங்கூர்ல கோர்ட்டுல ஜெயிச்சவங்க, புள்ள பெத்துப் பொழச்சவங்க, அவங்கதானுங்க முழுக்க வெள்ளை கட்டுவாங்க. ஊரே எந்திரிச்சு நின்னு வாழ்த்துமுங்க. அதான் கேட்டனுங்க."

"நான் ஒண்ணும் ஜெயிக்கலீங்க" என்றாள் பழனாத்தாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். பாதித் தண்ணீர் வழியில் சிந்திப்போயிற்று.

ஆனால் கேள்வி அவளோடு குடிசைக்கு வந்துவிட்டது. ராகி திரிக்கும்போது கூட இருந்தது, சாணி தட்டும்போது கூட இருந்தது. அவளை இதுவரை எல்லாரும் என்னத்தைத் தொலைத்தாய் என்றுதான் பார்த்திருந்தார்கள். ஒரு பஞ்ச வருஷத்தில் கற்றாழைக் குருத்தை அவித்துத் தின்றது ஞாபகம் வந்தது. சின்னாத்தாளுக்கு அம்மை போட்டபோது யாரும் வராத குடிசையில் தனியாக வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. கிணற்றை எட்டிப் பார்க்கப்போய் ஒரே அடியாக விழுந்துவிடலாம் என்று நினைத்த ஒரு மத்தியானமும், நினைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போனதும் ஞாபகம் வந்தன. அடுத்த சந்தை நாளன்று அவள் சந்தைப்பேட்டைக்கு நடந்து, தையற்கார வீட்டு வாசலில் நின்றாள்.

"அன்னைக்குக் கேட்டீங்களே. சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க, சொல்லுங்க."

"நான் இன்னும் இருக்கேனுங்க. செத்துருவேன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. நான் சாகலீங்க. என்ற புள்ளையையும் சாக உடலீங்க. அதானுங்க நான் ஜெயிச்சது."

பாத்திமுத்து உள்ளே போனாள். ஒரு சின்னக் குடுக்கையோடு திரும்பினாள். சுண்ணாம்பைப் போல மிருதுவான வெள்ளை மண் அதில் இருந்தது; அவள் ஊரிலிருந்து கொண்டுவந்தது. வழக்கில் ஜெயித்தவர்களுக்கு அங்கே செய்வதைப் போலப் பழனாத்தாளின் வலது கையிலும் தோளிலும் நீளமாகப் பூசினாள். "அப்பறமென்னங்க? சரியான நெறந்தானுங்க கட்டியிருக்கீங்க" என்றாள். பழனாத்தாள் திரும்பி நடக்கையில் பாதையை விட்டு விலகவில்லை.

அன்றைக்கு எதிரில் வந்தவர் நஞ்சுண்டன் என்கிற குடியானவர். வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். பழனாத்தாளைக் கண்டதும் எல்லாம் போச்சு என்று மனதுக்குள் வைதார். வாய்தா தப்பிவிடும் என்பதால் திரும்ப முடியவில்லை. கோர்ட்டில் எதிர்க்கட்சி சாட்சி கூண்டில் ஏறி, படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் மறந்து, நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டான். நஞ்சுண்டன் ஜெயித்தார். பஸ்ஸை விட்டு இறங்கியவர் நேராகக் குடிசைக்கு வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "உங்களை மனசுக்குள்ள வஞ்சுபோட்டனுங்க அம்மணி. மன்னிச்சுக்கோணும்."  பழனாத்தாள், மோர் வேணுமா என்று கேட்டாள். அவர் வாங்கிக் குடித்தார். அந்தக் குடிசையில் வெளியாள் ஒருவர் வாங்கிக் குடித்த முதல் மோர் அது.

அதற்கப்புறம் நடந்தவை வரிசையாக நடந்தன. ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்குப் போன ஜோடிக் காளைகள் அவளைக் கண்டதும் தாமாகவே தலை தாழ்த்திவிட்டுப் போய், பல்லடத்து மாடுகளைத் தூசி தின்ன வைத்தன. மூன்று தரம் கருக்கலைந்த ஒரு மருமகள் அவள் எதிரே நடந்துவிட்டுப் போய் இரட்டைப் பிள்ளை பெற்றாள். மழையும் யானையும் வந்து விலகிப் போனதை முன்பே சொல்லியாயிற்று. இந்த விஷயத்தில் வெள்ளை பாத்திமுத்துவின் பேச்சைக் கேட்டது. சிவப்பு கேட்கவில்லை, அது மாரியாத்தாளிடம் வெகுகாலம் முன்பே வாக்குக் கொடுத்திருந்ததால் கல்யாணத்துக்கே இருந்துகொண்டது. பாத்திமுத்துவும் அதை வற்புறுத்தவில்லை.

பழனாத்தாளுக்கு இதில் முதலில் சந்தோஷம் இல்லை. விடிந்தால் வாசலில் வண்டிகள் நிற்கும். அவள் நாலு எட்டு எதிரே நடப்பாள். கும்பிட்டுவிட்டுப் போவார்கள். போனவர்கள் ஜெயித்து வருவார்கள். ஆனால் தண்ணீருக்கு அவள் இன்னும் வாய்க்காலுக்குத்தான் நடந்துகொண்டிருந்தாள். தன் வெள்ளை ஊருக்கெல்லாம் ஜெயிக்கிறது, தனக்கு ஒரு குடம் தண்ணீர் ஜெயித்துத் தரவில்லை என்று ஒருநாள் பாத்திமுத்துவிடம் சொன்னாள்.

"நீங்க எங்கீங்க போட்டிக்குப் போனீங்க?" என்றாள் பாத்திமுத்து. "போனாத்தானுங்க ஜெயிக்க முடியும்."

அந்தச் சமயத்தில் திருமூர்த்தியே வந்தார். ஊர் முழுக்கத் தம்பி பெண்டாட்டி வாசலில் நிற்பது அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. கையில் மயில்கழுத்து நிறத்தில் கரை போட்ட ஒரு சேலத்துச் சேலை.

"அம்மணி, காலம் மாறிப்போச்சு. உனக்கும் சின்ன வயசு. இந்த வெள்ளையக் கட்டிக்கிட்டு எதுக்குச் சங்கடப்படோணும்? நானே வாங்கியாந்துட்டேன் பாரு. இனி இதைக் கட்டிக்க."

பழனாத்தாள் சேலையைத் தொட்டுப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு ரொம்பப் பிடித்த நிறம் அது. விரல் கொஞ்ச நேரம் கரையிலேயே இருந்தது.

"நல்லா இருக்குதுங்க மாமா. அன்னைக்கு வெள்ளையைக் கொண்டாந்து வெச்சதும் நீங்கதானுங்க."

திருமூர்த்தி வேறு பக்கம் பார்த்தார்.

"கட்டிக்கறேனுங்க. என்ற கெணத்து மொறையையும் என்ற பங்குக் காட்டையும் குடுத்துப்போடுங்க. உடுத்திக்கறேன்."

"நீ எட்டிப் பாத்தா ஊத்து அடைச்சுக்குமே, அம்மணி."

"ஊரைக் கூட்டுங்க மாமா. எட்டிப் பாக்கறேன். அடைச்சுக்கிச்சுன்னா என்ற புள்ளையக் கூட்டிக்கிட்டு இந்தத் தோட்டத்தை உட்டே போயர்றேன். அடைச்சுக்கலீன்னா எனக்குள்ளதைக் குடுங்க."

சொன்னதற்கப்புறம்தான் தன் தொண்டை இவ்வளவு சத்தம் போடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

1936ஆம் வருஷம் சித்திரையில், ஊற்றுகள் வழக்கமாகவே வற்றும் காலத்தில், திருமூர்த்தி யோசித்துத்தான் நாள் குறித்திருந்தார். காலையில் ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். பாத்திமுத்து வெள்ளை மண் குடுக்கையோடு வந்தாள். பூச வந்தபோது பழனாத்தாள் கையை விலக்கினாள். "இன்னும் ஜெயிக்கலீங்களே. அப்பறம் பூசுங்க." சின்னாத்தாளின் கையைப் பாத்திமுத்துவிடம் கொடுத்துவிட்டு, ஏழு வருஷமாகக் காலே வைக்காத கிணற்று மேட்டில் ஏறினாள். வெறுங்காலுக்கு அடியில் கல் சுட்டது. குனிந்து எட்டிப் பார்த்தாள். அடியாழத்தில், பாறைப் பிளவில், ஒரு வெற்றிலை அளவுக்கு வானம் தெரிந்தது. அவ்வளவுதான் தண்ணீர்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கையில் அந்த வெற்றிலையும் மறைந்தது. "பாத்துக்கங்க, பாத்துக்கங்க" என்றார் திருமூர்த்தி. யாரோ உச்சுக்கொட்டினார்கள்.  பழனாத்தாள் பின்வாங்கவில்லை. பிறந்த ஊருக்குப் போகிற பாதை ஒரு கணம் மனதில் வந்தது. அதைத் தள்ளிவிட்டு இன்னும் குனிந்தாள். "நான் பழனாத்தா வந்திருக்கேன்" என்று கிணற்றுக்குள் சொன்னாள். "சுப்பண்ணன் பெண்டாட்டி. என்ற தண்ணிக்கு வந்திருக்கேன்."

கிணறு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு இருந்திருக்கிறது. இப்போது விட்டது. முதலில் பாறை இடுக்குகளில் கூடு வைத்திருந்த புறாக்கள் படபடவென்று வெளியே வந்தன. பின்னால் தவளைகள் படி படியாகத் தாவி ஏறி வந்து, கூட்டத்தைப் பொருட்படுத்தாமல் சோளக்காட்டுக்குள் போயின. அப்புறம் தண்ணீர் வந்தது. அவசரமில்லாமல் ஒவ்வொரு படியாக ஏறியது. எந்தக் காலத்திலோ கயிறு அறுந்து விழுந்த செம்புக்குடங்கள், சுப்பண்ணன் சின்ன வயதில் தொலைத்த பம்பரம், ஒரு மாட்டு மணி எல்லாவற்றையும் மேலே தூக்கிக்கொண்டு வந்தது. கிணற்று வாய்வரை வந்து, விளிம்பைத் தாண்டி, பழனாத்தாளின் சீலைக் கரையை நனைத்துவிட்டு நின்றது. அவள் உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். பல் கூசுகிற அளவுக்குக் குளிர்ச்சி. முகத்தில் அடித்துக்கொண்டாள், தலையில் ஊற்றிக்கொண்டாள், வாய்விட்டுச் சிரித்தாள். சின்னாத்தாள் தன் ஆத்தா சிரித்துப் பார்த்ததில்லை. ஓடிவந்து அந்தத் தண்ணீருக்குள் குதித்துவிட்டாள். பாத்திமுத்து பழனாத்தாளின் முழங்கையிலிருந்து தோள்வரை வெள்ளை மண்ணை அப்பினாள். திருமூர்த்தி கை குவித்தார். அவர் கும்பிட்டது தண்ணீரையா, தம்பி பெண்டாட்டியையா என்பதில் ஊரில் இன்றுவரை இரண்டு அபிப்பிராயம் உண்டு.

முறையும் பங்குக் காடும் அன்றே கைக்கு வந்தன. கிணறு அதற்கப்புறம் இறங்கவில்லை. இறைக்கிற சால் கட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் குனிந்து மொண்டார்கள்; கவலை மாடுகள் வேலையில்லாமல் கொழுத்தன. நீலகிரிப் பைகாரா அருவியிலிருந்து கரண்டு வந்ததும் மோட்டார் விற்க வந்த கம்பெனிக்காரர், கிணற்றைப் பார்த்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். பழனாத்தாள் மஞ்சள் போட்டாள், தென்னை வைத்தாள். மயில்கழுத்துச் சேலையைச் சொன்னபடி கட்டிக்கொண்டாள். வெள்ளையைத் தோன்றுகிற நாளில் கட்டினாள். முஸ்தபாவின் தையல் மிஷின் வெள்ளைத் துணியில்கூடப் பூவேலை செய்ய ஆரம்பித்தது. இரண்டு வருஷத்தில் வடவள்ளி, பேரூர் வரைக்கும் வீட்டு உள்ளறைகளிலிருந்து வெள்ளைச் சீலைக்காரிகள் ஒவ்வொருவராக வெளியே வந்து, வெயிலுக்குக் கண்ணைக் கூசிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் நின்ற பக்கமெல்லாம் ஏதாவது ஜெயித்தது.

1938இல் துடியலூர் லட்சுமணசாமி நாயுடு பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின்னிங் பேக்டரி கட்டினார். சீமையிலிருந்து வந்த எஞ்சின் எவ்வளவு சுற்றியும் பிடிக்கவில்லை. மெக்கானிக்குகள் கைவிட்டதும், காரை எடுத்துக்கொண்டு தொண்டாமுத்தூருக்கே வந்துவிட்டார். பழனாத்தாள் மஞ்சள் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அறுப்புக் காலமுங்க, வர முடியாதுங்க" என்றாள், மண்வெட்டியைக் கீழே வைக்காமல். "உங்க ஊட்டுலயே ஒருத்தங்க இருப்பாங்களே?"

 "எங்க அக்கா ஒருத்தி…" என்றார் நாயுடு.

"அவங்களைக் கூப்புடுங்க. மொதல்ல என்னத்த ஜெயிச்சீங்கன்னு கேட்டுப்போட்டுக் கூப்புடுங்க."

பத்தொன்பது வயதில் தாலியறுத்துப் பின்கட்டுக்குள் போன அக்கா ரங்கநாயகி, தலை நரைத்து அன்றுதான் முன்வாசல் வழியாக வெளியே வந்தாள். தம்பி கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன பதில் நீளமானது. கார் துடியலூர்த் தெருவை மூன்று சுற்றுச் சுற்றிய பிறகுதான் முடிந்தது என்கிறார்கள். பேக்டரியில் கூட்டம் வழிவிட்டது. அவள் சக்கரத்தின் மேல் கையை வைத்தாள். எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ரங்கநாயகி சத்தம் பழகும்வரை காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்புறம் ஒரு பஞ்சுப் பொதியின் மேல் ஏறி வசதியாக உட்கார்ந்து, தம்பியைப் பார்த்து, சூடாக ஒரு காபி கொண்டுவரச் சொன்னாள்.